டிரான்ஸ்பரில் போன பெண்ணும் கிரேக்க எழுத்துச் சங்கமும்

போன வருடம் அக்டோபரில் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து போன். கலிபோர்னியாவில் அப்போது முந்தின நாள் சாயங்காலம். "உன் மருமக சொராரிட்டில சேரணுங்கறா. தாய்மாமன் நீ ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லிடுடா, நீ சொன்னா கேப்பா" என்றாள். நாக்பூரில் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவசரத்தில் "சரிக்கா" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது தப்பு என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: சொராரிட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்களுக்கென்று உள்ள சங்கம். பெயர் பெரும்பாலும் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள். பல வளாகங்களில் சொந்த வீடு, சந்தா, சடங்கு எல்லாம் உண்டு. 1902-ல் தொடங்கிய நேஷனல் பான்ஹெலனிக் கான்ஃபரன்ஸ் என்ற கூட்டமைப்பில் இன்று 26 சங்கங்கள். கறுப்பினப் பெண்களின் சங்கங்கள் தனி மரபு. கமலா ஹாரிஸ் உறுப்பினராக உள்ள ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா 1908-ல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

என் மருமகள் முதல் இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்தாள். காரணம் பணம்தான். கலிபோர்னியாவாசிகளுக்கு அங்கே யூனிட்டுக்கு 46 டாலர். டிரான்ஸ்பருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,760 டாலர். அதே மாநிலத்தின் யூ.சி. வளாகத்தில் ஒரு வருடக் கட்டணமே 14,000 டாலருக்கு மேல். புத்திசாலித்தனமான முடிவு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அது கட்டண ரசீதில் வராது.

மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது மற்றவர்கள் எல்லாம் முதல் வருட ஹாஸ்டலிலேயே செட்டு சேர்ந்துவிட்டிருந்தார்கள். "மதிய சாப்பாட்டை கார்லயே உட்கார்ந்து சாப்பிடறேன் மாமா. யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா எல்லார்கிட்டயும் ஏற்கெனவே ஆள் இருக்கு" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருடத்துக்கு ஒரு முறை டிரான்ஸ்பர் ஆகும் பேங்க் ஆபீசருக்கு இது தெரியாதா? புது பிராஞ்சில் டிபன் பாக்ஸைத் திறக்க எந்த மேஜைக்குப் போவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ச் சங்கத்தைத் தேடிப் போய் சந்தா கட்டியவன் நான். அவளைப் பார்த்து "சங்கம் எதுக்கு, படிப்பைப் பார்" என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அக்காவின் பயங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. புது ஆட்களைத் துன்புறுத்தும் வழக்கம் அங்கும் உண்டு. அதனால்தான் 2024 டிசம்பரில் அதற்கென்றே ஒரு மத்தியச் சட்டம் வந்தது. நடந்த சம்பவங்களைக் கல்லூரிகள் பொதுவில் வெளியிட வேண்டும் என்கிறது அது. நிறப் பாகுபாடும் இருந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கறுப்பினப் பெண்களை ஒதுக்குகிறார்கள் என்று 2013-ல் மாணவர் பத்திரிகையே எழுதிய பிறகுதான் கதவு திறந்தது. இதையெல்லாம் அவளிடமும் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: தெற்காசியப் பெண்கள் தொடங்கிய சங்கங்களும் இருக்கின்றன. ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, ஆஸ்டினில் காப்பா ஃபை காமா, இரண்டுமே 1998-ல் பிறந்தவை.

டிரான்ஸ்பர் மாணவிக்கு வேறு ஒரு சிக்கல். சேர்க்கை வாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பேச வேண்டும். "எந்த வருஷம்?" என்பார்கள். மூன்றாவது என்றதும் சில இடங்களில் பேச்சு சுருங்கிவிட்டதாம். கொஞ்சம் யோசித்தால் புரிகிறது. முதல் வருடப் பெண் நான்கு வருடச் சந்தா, இவள் இரண்டு வருடம்தான். நாங்களும் நீண்ட கால டெபாசிட்டைத்தானே விழுந்து விழுந்து கேட்கிறோம்! அந்த வாரத்தில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. பிறகு, காலி இடம் இருந்த ஒரு சங்கம் நேரடியாகக் கூப்பிட்டது. இதைத் திறந்த அழைப்பு என்கிறார்கள். டிரான்ஸ்பர் பெண்களுக்கு இந்த வழி ஆர்ப்பாட்டமில்லாத நல்ல வழி என்பது என் கட்சி. அலங்காரமில்லாமல் காபி குடித்துக்கொண்டே இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேள் என்றேன். லோன் பேப்பரில் கையெழுத்து வாங்கியே தலை நரைத்தவன் இல்லையா.

ஒன்று, முதல் டேர்முக்கு மொத்தம் எவ்வளவு? சந்தா வேறு, புது உறுப்பினர் கட்டணம் வேறு, பின் என்னும் சின்னத்துக்கு வேறு. எழுத்தில் வாங்கு. இரண்டு வருடம்தான் இருக்கப்போகிறவளுக்கு முதல் செலவின் பாரம் இரட்டிப்பு.

இரண்டு, சங்க வீட்டில் தங்கியே ஆக வேண்டுமா? ஏற்கெனவே ரூமுக்கு அக்ரிமென்ட் போட்டிருந்தால் இரண்டு வாடகை.

மூன்று, மனம் மாறினால்? அந்த 26-ல் ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்கினால், அதே வளாகத்தில் வேறொன்றில் சேர அடுத்த வருடச் சேர்க்கை வரை காத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அது ஒரு வருடம். இவளுக்கோ மீதமுள்ள காலத்தில் பாதி. முழு உறுப்பினராகிவிட்டால் மற்ற 25-ம் ஆயுசுக்கும் மூடிய கதவு.

நான்கு, மார்க். டிரான்ஸ்பர் ஆன முதல் டேர்மில் பலருக்கு மார்க் இறங்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கேட்பார்கள்?

எல்லாவற்றுக்கும் பதில் வாங்கி வந்தாள். தங்கும் கட்டாயம் இல்லை. சந்தாவைத் தவணையில் கட்டலாம். நூலகத்தில் பார்க்கும் பகுதி நேர வேலைச் சம்பளத்திலிருந்து தானே கட்டுவதாகச் சொன்னாள். "உன் காசு, உன் முடிவும்மா" என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

அக்கா இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்லச் சொன்னதற்கு நான் வக்கீல் வேலை பார்த்துவிட்டேனாம். இருக்கட்டும். பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்புகிற நாம் கட்டணத்தை, வாடகையை, விமான டிக்கெட்டை எல்லாம் கணக்குப் பார்க்கிறோம். மத்தியானம் யாரோடு சாப்பிடுகிறாள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

நான் இப்போது ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் அதைத்தான் கேட்கிறேன். போன வாரம் மூன்று பெயர் சொன்னாள்.