டாக்டர் மேஜையில் கம்ப்யூட்டர்: குறிப்பு யாருக்குச் சொந்தம்?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் இருக்கிறது கண்ணமங்கலம். பட்டுத் தறிக்குப் பேர்போன ஆரணி வட்டாரம். இங்கே நெசவாளிக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் உள்ளூர் டாக்டர், பெரிதானால் ஆரணி, அதற்கும் மிஞ்சினால் மாவட்டம் தாண்டி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அவருடைய நோயின் சரித்திரமோ மஞ்சள் பையில் மடங்கிக் கிடக்கும் சீட்டுகள்தான். இன்ன ஊசி இவருக்கு ஒத்துக்கொள்ளாது என்ற ஒரு வரி அதில் தொலைந்துபோனால் உயிருக்கே ஆபத்து.

இந்தச் சீட்டுகளுக்குப் பதிலாகத்தான் கிளினிக் மென்பொருள்கள் வந்திருக்கின்றன. டோக்கன், மருந்துச் சீட்டு, ரசீது, பழைய குறிப்பு எல்லாம் ஒரே திரையில். விற்க வருகிறவர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். பிறகு எதை வைத்துத் தரம் பிரிப்பது?

2008-ல் பெங்களூரில் தொடங்கிய பிராக்டோ, சந்தா கட்டும் டாக்டர்களுக்கு 'ரே' என்ற மென்பொருளைக் கொடுத்தது. 'பாம்னி' வேறு ரகம். சத்தீஸ்கர் மாநிலம் கனியாரியில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரிக்காக உருவானது. மூல நிரலோடு யாருக்கும் இலவசம். ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க ஆள் வேண்டும். ஒற்றை டாக்டர் கிளினிக்குக்கு அது யானையைக் கட்டித் தீனி போடும் கதை.

இலவசம் என்றதும் நம் ஊரில் வாசல் கதவு தானாகத் திறக்கும். அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். விளம்பர வருமானத்தை நம்பி, டாக்டர்களுக்கு இலவசமாகவே மென்பொருள் கொடுத்தது பிராக்டிஸ் ஃப்யூஷன் என்ற கம்பெனி. ஓபியாய்டு வலி மருந்து விற்கும் ஒரு கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்த மருந்தின் விற்பனைக்கு உதவும் விதத்தில் டாக்டரின் திரையில் யோசனைகள் தோன்றச் செய்தது. விஷயம் வெளிப்பட்டு, 2020 ஜனவரியில் 14.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. டாக்டருக்கு இலவசம்; விலை கொடுத்தவர் நோயாளி!

சரி, காசு கொடுத்து வாங்கினால் கவலை தீர்ந்ததா? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களை இணையத் திருடர்கள் முடக்கினார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் பேனாவும் காகிதமுமாகவே வேலை நடந்தது. தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதி. சிறிய ஊரில் மின்சாரமோ இணையமோ நின்றால் திரையில் என்ன மிஞ்சும் என்பதை வாங்குமுன் பார்த்துவிட வேண்டும்.

மத்திய சர்க்கார் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் தொடங்கிய டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க 'ஆபா' எண் உண்டு, விரும்பினால் பெறலாம். நோயாளி சம்மதித்தால் ஒரு டாக்டரின் குறிப்பை இன்னொருவர் பார்க்க வழியிருக்கிறது. இரண்டு பக்கத்து மென்பொருளும் இத்திட்டத்தோடு இணைந்திருந்தால்தான் அது நடக்கும். இல்லையென்றால் பழைய மஞ்சள் பைதான்.

ஆகவே கண்ணமங்கலம் டாக்டர் விலைப் பட்டியலை அப்புறம் பார்க்கலாம். "நாளைக்கு உங்களை விட்டு நான் விலகினால், என் நோயாளிகளின் குறிப்பு முழுவதையும் வேறு மென்பொருள் படிக்கும்படி கொடுப்பீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும்.