ஏலம் விளையும் ஊரில் எசன்ஸ் மணக்கும் பெருநாள்

சென்ற நோன்புப் பெருநாளன்று போடிநாயக்கனூரில் உறவினர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஸலாமும் முஸாஃபஹாவும் ஆன பின்னர், வளைகுடாவிலிருந்து வந்த தகர டப்பா ஒன்றைப் பெருமையோடு திறந்து வைத்தார்கள். உள்ளே மஅமூல், பேரீச்சம்பழ விழுதைப் பொதிந்து சுட்ட அரபு நாட்டுப் பிஸ்கட். பக்கத்துத் தட்டில் கடைப் பொட்டலத்துப் பிஸ்கட். ஏலக்காய் எசன்ஸ் மூக்கைத் துளைத்தது. "வீட்டில் நான்கட்டாய் சுடவில்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அந்தக் காலம், ஹஜ்ரத்!" என்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு மறுமொழியே இக்கட்டுரை.

இது எந்த ஊர் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். மேற்கே மலையேறினால் போடிமெட்டு. அதற்கப்பால் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத் தோட்டங்கள். பொழுது விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து நம் பகுதிப் பெண்கள் காயெடுக்கப் போகிறார்கள். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய். அது போடிக்கு வந்து, பெண்களின் விரல்களில் தரம் பிரிந்து, நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. அரபியர் இக்காயை 'ஹைல்' என்பர். பாரசீகர் 'ஹெல்' என்பர். நம் 'ஏல'த்தின் உறவுச் சொற்களே அவை. கூவி விற்கும் 'ஏலம்' என்ற சொல்லோ, அறிவிப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் வாய்வழியாக நம்மிடம் வந்தது என்பர் சொல்லாய்வாளர். இத்தனை உறவுள்ள ஊரில், பெருநாள் தட்டில் மணப்பது எசன்ஸ்!

"பிஸ்கட் வெள்ளைக்காரன் தந்த பண்டம், அதில் என்ன மரபு?" என்கிறார்கள் சிலர். பெயர் மேனாட்டுப் பெயர்தான். 'இருமுறை சுட்டது' என்பது அதன் இலத்தீன் மூலப் பொருள். ஆனால் பெயர் வந்த வழிதான் பண்டம் வந்த வழி என்று எவர் சொன்னார்? கி.பி. 969-இல் எகிப்தைக் கைப்பற்றிக் கெய்ரோவை அமைத்த ஃபாத்திமியர், பெருநாளுக்குக் 'கஅக்' முதலிய பண்டங்கள் செய்து வழங்குவதற்கென்றே 'தாருல் ஃபித்ரா' என்னும் தனி நிலையம் நடத்தினர். 'உண்டு நன்றி செலுத்து' என்ற பொருள்பட எழுத்து வெட்டிய கஅக் அச்சுகள் கெய்ரோ அருங்காட்சியகத்தில் உள்ளன. இராக்கியர் பேரீச்சையும் ஏலமும் சேர்த்துக் 'க்லேச்சா' சுடுகின்றனர். ஈரானியர் அரிசி மாவிலும் ஏலத்திலும் 'நானே பிரிஞ்ஜி' செய்கின்றனர். நம் நான்கட்டாயின் தலையில் இருக்கும் 'நான்' அதே பாரசீக ரொட்டிதான். வடதுருவத்தை ஒட்டிய சுவீடனிலும் பின்லாந்திலும்கூட ஏலமின்றி இனிப்பு ரொட்டி இல்லை. இன்று அரபு நாடுகளுக்குச் செல்லும் ஏலத்தில் பெரும்பங்கு குவாத்தமாலாவினது என்பது உண்மையே. ஆயினும் அச்செடியின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. தாய்வீட்டில் இருப்பவன் எசன்ஸைத் தின்று, அயலான் டப்பாவைக் கண்டு வியப்பதைப் பெருமை என்பதா, பேதைமை என்பதா?

இன்னும் சிலர் மார்க்கத்தின் பெயரால் தடுக்கிறார்கள்: "இது பித்அத், வீண்விரயம்." பிஸ்கட் சுடுவதை இபாதத் என்று எவரும் சொல்லவில்லை, அது ஆதத், வழக்கம். விலக்கப்படாத பொருள்களில் அடிப்படை அனுமதியே என்பது உஸூல் படித்த மாணவனுக்கும் தெரியும். விரயம் எங்கே இருக்கிறது? ஒரு கிலோ மாவுக்குப் பத்துப் பன்னிரண்டு காய் போதும். அதன் விலை ஒரு குவளைத் தேநீரைத் தாண்டாது. டப்பாவுக்கும் பளபளப்புத் தாளுக்கும் கொடுக்கும் பணத்தை விரயம் என்று ஏன் எவரும் சொல்வதில்லை?

"பெண்களுக்கு நேரமில்லை" என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை உண்டு. என் சிறுவயதில் அம்மா மாவும் சர்க்கரையும் நெய்யும் பிசைந்து உருட்டித் தட்டில் அடுக்குவார். அத்தா அதைத் தலையில் சுமந்துபோய் ரொட்டிக்கடையின் விறகடுப்பில் சுட்டு வருவார். வரும் வழியெல்லாம் மணக்கும். வீடு சேருமுன் அண்டை வீடுகளுக்குப் பங்கு போய்விடும். சுமந்தவர் அத்தா என்பதைக் கவனியுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் உதவுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். தாடி வைப்பதில் சுன்னத்தைத் தேடும் நாம், மாவு பிசைவதில் ஏன் தேடுவதில்லை? பெண்களுக்கு நேரமில்லாமற் போகவில்லை. ஆண்களுக்கு மனமில்லாமற் போயிற்று.

இறுதியாக, ஏல வணிகம் செய்யும் நம்மவர் சிலருக்கு ஒரு சொல். காய் பொறுக்கும் பெண்களுக்குப் பெருநாளன்று ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்துவிட்டு, வாரக் கூலியைப் பெருநாள் கழித்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறீர்கள். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். காய்க்குச் சாயமேற்றி நிறங்கூட்டுவோரும் உண்டு. அது சட்டப்படியும் குற்றம். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்டு, விற்றவரை நபிகளார் கண்டித்த செய்தியை அவர்கள் ஜும்ஆவில் கேட்டிருப்பார்கள், கேட்டதோடு சரி.

ஆகவே சகோதரர்களே, வரும் பெருநாளுக்கு முதலில் கூலியைக் கொடுங்கள். பிறகு ஃபித்ராவைக் கொடுங்கள். அதன்பின் கையைக் கழுவிக்கொண்டு மாவு பிசைய உட்காருங்கள். சாயமேற்றாத பத்துக் காயைத் தட்டிப் போடுங்கள். முதல் தட்டு, அந்தக் காயைப் பொறுக்கிய பெண்ணின் வீட்டுக்குப் போகட்டும்.