குறட்டையை நல்ல தூக்கம் என்று சொல்லாதீர்கள்

குறட்டை விட்டுத் தூங்குகிறவர் ஆழ்ந்து தூங்குகிறார் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட நம்பிக்கை. பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. ஒரு வீட்டுக் கூடத்தில் எழும் குறட்டை பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். மறுநாள் காலையில் திண்ணையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தால், "மாமா நேத்து நன்னா அசந்து தூங்கினார்" என்பதோடு முடிந்துவிடும். கல்பாத்தியில் மட்டுமல்ல, தமிழ் பேசும் எந்த ஊரிலும் இதே கதைதான். கும்பகர்ணனைச் சொல்லிச் சிரிப்போம், பிறகு மறந்துவிடுவோம். கவலைப்பட வேண்டிய ஓர் ஓசையை நல்ல சேதியாகக் கேட்டுப் பழகிவிட்டோம். இந்தப் பழக்கம் பலருடைய ஆயுளைக் குறைக்கிறது. அதனால்தான் இதை வெறும் அறியாமை என்று விட்டுவிட முடியவில்லை.

இந்த நம்பிக்கையில் ஓர் இழை உண்மை இருக்கிறது. தூக்கம் பிடிக்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. அண்ணத்தின் பின்பக்கத்து மென்சதையும் உள்நாக்கும் நாவின் அடிப்பகுதியும் பின்னால் சரிந்து தொண்டைவழியைக் குறுக்குகின்றன. அந்தக் குறுகிய வழியில் காற்று விரைந்து போகும்போது சதை அதிர்ந்து ஓசை எழுகிறது. ஆகவே, குறட்டை விடுகிறவர் தூங்குகிறார் என்பது வரை சரி. அதற்கு மேல் அந்த ஓசை சொல்வதெல்லாம் மூச்சு போகும் வழி ஒடுங்கியிருக்கிறது என்பதைத்தான். தூக்கம் ஆழமானதா, அதனால் உடம்பு தேறுகிறதா என்பதை அது சொல்வதில்லை. வழி இன்னும் ஒடுங்கி முழுவதும் அடைத்துக்கொண்டால் ஓசை சட்டென்று நின்றுவிடுகிறது. மார்பும் வயிறும் மூச்சிழுக்க முயல்கின்றன, ஆனால் காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறிச் சில நொடிகள் விழிக்கிறது, தொண்டைத் தசைகள் இறுகுகின்றன, பெரிய செருமலோடு மூச்சு திரும்புகிறது. தூங்குகிறவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. பத்து நொடிக்குக் குறையாத இத்தகைய அடைப்புகளும் அரைகுறை அடைப்புகளும் மணிக்கு 5 தடவைக்கு மேல் வந்தால் அதைத் தூக்க மூச்சுத்தடை என்று மருத்துவம் கணக்கிடுகிறது. 30-ஐத் தாண்டினால் கடுமையான நிலை. மணிக்கு 30 என்றால் 7 மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. அத்தனை முறை உலுக்கி எழுப்பப்படுகிறவரைப் பார்த்து "அசந்து தூங்கினார்" என்கிறோம்.

இது எங்கோ ஒருவருக்கு வரும் அபூர்வ நோய் என்று நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு சொல்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 30 முதல் 60 வயது வரை உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு 1993-இல் வெளிவந்தது. ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 9 சதவீதத்தினருக்கும் மணிக்கு 5 தடவைக்குக் குறையாத மூச்சுத்தடை இருப்பதை அது காட்டியது. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட மதிப்பீடு, ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம் என்கிறது. இரவெல்லாம் ஆக்சிஜன் ஏறி இறங்கும் உடம்பில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, இதயத்துடிப்பு தாறுமாறாகிறது, பக்கவாதத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, அவருடைய மரணத்துக்குக் காரணமாக மருத்துவர்கள் சொன்னது இந்தத் தூக்க மூச்சுத்தடையைத்தான். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு ரயில் தடம் புரண்டு 4 பேர் இறந்தார்கள். கண்ணயர்ந்துபோன அந்த ஓட்டுநருக்குக் கண்டறியப்படாத கடுமையான மூச்சுத்தடை இருந்தது விசாரணையில் தெரிந்தது. வாளையார் வழியாக இரவு முழுக்க லாரிகள் ஓடிக்கொண்டிருக்கும் பாலக்காடு மாவட்டம் இந்தச் செய்தியை அயல்நாட்டுச் செய்தியாகப் படித்துக் கடந்துபோகக் கூடாது.

"எங்கள் தாத்தா வாழ்நாளெல்லாம் குறட்டை விட்டார், தொண்ணூறு வயது இருந்தார்" என்று சொல்வார்கள். இருந்திருக்கலாம். குறட்டை விடுகிற எல்லோருக்கும் மூச்சுத்தடை கிடையாது. பலருக்கு அது வெறும் ஓசையாகவே நின்றுவிடும். ஆனால் எது வெறும் ஓசை, எது நோய் என்பதைப் பிரித்துப் பார்க்காமலேயே எல்லாவற்றையும் நல்ல தூக்கம் என்று பெயரிட்டு மூடிவைப்பதுதான் தவறு. நெடுநாள் இருந்த தாத்தாவை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள், ஐம்பத்தைந்து வயதில் விடியற்காலையில் மாரடைப்பில் போனவரின் குறட்டையை நினைத்துப் பார்ப்பதில்லை. "குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது" என்பது இன்னொரு வாதம். உடற்பருமன் பெரிய காரணம்தான். ஆனால் ஆசியர்களுக்குத் தாடை அமைப்பின் காரணமாகக் குறைந்த எடையிலேயே இது வருகிறது. "ஆண்களின் நோய்" என்பதும் அரைகுறை உண்மை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் வாய்ப்பு வெகுவாக உயர்கிறது. ஒரு பெண் தான் குறட்டை விடுவதாகச் சொல்லக் கூசுகிறாள். வீட்டார் கேட்டாலும் கேட்காததுபோல் இருந்துவிடுகிறார்கள். பகல் முழுக்க அசதி, காலையில் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது என்று அவள் சொல்வதெல்லாம் சர்க்கரை, வயசு, கவலை என்று வேறு கணக்கில் எழுதப்படுகின்றன. குழந்தை வாயைத் திறந்தபடி தினமும் குறட்டை விட்டால் அதுவும் அயர்ந்த தூக்கம் கிடையாது. மூக்கின் பின்னாலுள்ள சதையோ டான்சிலோ வீங்கியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: கண்டுபிடித்து என்ன பயன், இரவெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு யார் தூங்குவது? சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்திய, முகமூடி வழியே காற்றைச் செலுத்தும் அந்த அழுத்தக்காற்றுக் கருவி தொண்டைவழியை மூடவிடாமல் திறந்து வைக்கிறது. அது எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று சொல்வது நேர்மையாகாது. ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ கண்ட 2,700 பேரிடம் நடந்து 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், அந்தக் கருவி மறுபடி மாரடைப்பும் பக்கவாதமும் வருவதைக் குறைக்கவில்லை. ஆனால் கருவி கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றரை மணி நேரம்கூட அதைப் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியிருந்தும் அவர்களுடைய பகல்தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. சாலையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இது ஒன்றே போதிய காரணம். கருவி தேவைப்படாதவர்களும் நிறையப் பேர். உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடை ஏறத்தாழ கால் பங்கு குறைவதை விஸ்கான்சின் ஆய்வே காட்டியது. மல்லாந்து படுத்தால் மட்டும் அடைபடுகிறவர்கள் ஒருக்களித்துப் படுத்தாலே பெரும் மாற்றம் தெரியும். மதுவும் சிலவகைத் தூக்கமாத்திரைகளும் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகின்றன. குறட்டை விடுகிறவருக்குத் தூக்கம் போதவில்லை என்று மருத்துவரைக் கேட்காமல் மாத்திரை வாங்கிக் கொடுப்பது, அடைப்பை நாமே கூட்டுவதாகும்.

இந்த நோய்க்கு முதல் சாட்சி நோயாளி அல்ல, பக்கத்தில் படுத்திருப்பவர். அதனால்தான் நம்பிக்கை தவறாக இருந்தால் நோயும் தப்பிவிடுகிறது. மனைவி இரவில் அந்த மௌன இடைவெளியைக் கேட்டிருப்பாள். ஆனால் அதைச் சொல்லத் தகுந்த செய்தியாக யாரும் அவளுக்குக் கற்றுத் தரவில்லை. கனவு காணும் தூக்கம் மிகுந்திருக்கும் விடியற்காலையில்தான் பெரும்பாலும் தடைகள் நீள்கின்றன. அப்போது கவனித்தால் போதும்: ஓசை நின்று மூச்சும் நிற்கிறதா, பிறகு திணறித் திரும்புகிறதா? கைபேசியில் சில நிமிடம் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டலாம். கனடாவில் 2008-இல் வகுத்த எட்டுக் கேள்விகளும் எளியவை: பலத்த குறட்டை, பகல் அசதி, பிறர் கண்ட மூச்சு நிற்றல், உயர் இரத்த அழுத்தம், மிகுந்த உடற்பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருத்தல். மூன்றுக்கு ஆம் என்றால் பரிசோதனை வேண்டும். பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் போய்விட்டதால் கல்பாத்தியின் பல வீடுகளில் முதியவர்கள் தனியாகத்தான் படுக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சாட்சியும் இல்லை. தேர்த் திருவிழாவுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகள் பெற்றோர் பக்கத்தில் ஓரிரவு படுத்துக் காது கொடுக்கட்டும். கேட்டதை மறுநாள் காலையில் வேடிக்கையாகச் சொல்லாமல், மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டுத் திரும்பட்டும்.