செயலியின் விலையும் மதிப்பும்

விலை வேறு, மதிப்பு வேறு. ஆரியசாலையில் மொத்த வணிகம் செய்யும் எவருக்கும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆய்வுத் துறைகள் கணினி வாங்கும்போதுதான் இவ்வேறுபாடு மறந்துபோகிறது. நல்கைத் தொகை வந்ததும், பட்டியலின் உச்சியில் நிற்கும் செயலியே சிறந்தது என்று முடிவு செய்துவிடுகிறோம். இம்முடிவு மறுஆய்வுக்குரியது.

2023 அக்டோபரில் இன்டெல் வெளியிட்ட இரு மேசைக்கணினிச் செயலிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். கோர் ஐ9-14900கே 24 கோர்களும் 6 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகமும் உடையது. அறிமுக விலை 589 டாலர். ஐ5-14600கே 14 கோர்களும் 5.3 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகமும் உடையது. விலை 319 டாலர். விலை ஏறத்தாழ 85 விழுக்காடு கூடுகிறது. உச்ச வேகமோ 13 விழுக்காடே கூடுகிறது. முழுச்சுமையில் மின்நுகர்வின் வரம்பு 181 வாட்டிலிருந்து 253 வாட்டாக உயர்கிறது. அந்த மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது. திருவனந்தபுரம் போன்ற புழுக்கமான ஊரில் அதை வெளியேற்றக் குளிர்விப்பானுக்கும் செலவிட வேண்டும்.

கோர்கள் மிகுந்திருக்கின்றனவே எனலாம். இதற்கு 1967இலேயே ஜீன் அம்டால் விடை கூறியிருக்கிறார். ஒரு பணியில் பத்தில் ஒன்பது பங்கைப் பல கோர்களுக்குப் பிரித்தளிக்கலாம், ஒரு பங்கை வரிசையாகத்தான் செய்ய முடியும் என்று கொள்வோம். 8 கோர்களில் அப்பணி 4.7 மடங்கு விரைவாகும்; 16 கோர்களில் 6.4 மடங்கே. எத்தனை கோர்களைச் சேர்த்தாலும் பத்து மடங்கை எட்டாது. மேலும், ஐ9 செயலியின் 24 கோர்களில் 16 சிறியவை, ஆற்றல் குறைந்தவை.

உயர்நிலைச் செயலி வீண் என்பதன்று என் வாதம். மூலக்கூறு இயக்கத்தைக் கணிப்போர், காணொளி தொகுப்போர், பெரிய மென்பொருள்களைத் தொகுப்போர் ஆகியோருக்கு அது நாள்களை மிச்சப்படுத்தும். ஆனால் தொடரடைவு தயாரிக்கும் தமிழ் ஆய்வு மாணவர் எழுதும் எளிய நிரல் பெரும்பாலும் ஒரே கோரில்தான் ஓடுகிறது. ஏனைய கோர்கள் சும்மா இருக்கின்றன. பழைய நூல்களின் படிமங்களைக் கையாள்பவருக்குத் தடையாவது பெரும்பாலும் நினைவகப் பற்றாக்குறையும் வன்தட்டின் மந்தமுமே.

வேகத்தோடு நம்பகத்தன்மையையும் எடைபோட வேண்டும். 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் பல நிலையற்று இயங்குவதற்கு மிகை மின்னழுத்தம் காரணம் என்று 2024இல் இன்டெல்லே அறிவித்தது. திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் ஈராண்டு நீட்டித்தது. மேலே சொன்ன இரு செயலிகளும் அவற்றுள் அடங்கும். ஓர் ஆய்வாளருக்குக் கணக்கீடு மெதுவாக முடிவது சிறு இழப்பு. பாதியில் முறிவதே பேரிழப்பு.

நம் ஊரே இதற்கு நல்ல சான்று. தும்பாவிலுள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் முயற்சியில் உருவாகி, ஏவூர்திகளுக்கென்று அமைந்த விக்ரம் 3201 ஒரு 32 பிட் செயலிதான். சந்தையின் வேகப் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆயினும் ஏவூர்தியின் கடுஞ்சூழலைத் தாங்கி, தரப்பட்ட பணியைப் பிழையின்றிச் செய்வதே அதன் தகுதி.

ஆகவே வாங்குமுன் நம் பணியை அளப்போம். இப்போதுள்ள கணினியில் நிரலை ஓட்டிக் கவனித்தால் போதும்: எல்லாக் கோர்களும் நிரம்பினால் உயர்நிலைச் செயலி தேவை, ஒன்று மட்டும் நிரம்பினால் நிரலைத் திருத்த வேண்டும், நினைவகம் நிரம்பினால் நினைவகத்தை வாங்க வேண்டும். இப்படி மிச்சமாகும் தொகையில் இன்னொரு மாணவருக்கும் ஒரு கணினி கிடைக்கலாம். பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வுக்கு அதைவிடப் பெரிய செயல்திறன் வேறில்லை.