நுண்கடன் வட்டிக்கு வரம்பு எங்கே?



கந்துவட்டியை ஒழிக்கத் தமிழ்நாடு இயற்றிய சட்டங்கள் பேரவையிலும் மேடைகளிலும் பெருமையாகப் பேசப்படுகின்றன. ஆனால், மகளிர் குழுக்கள் வாரந்தோறும் தவணை கட்டும் நுண்கடன் நிறுவனங்கள் எவ்வளவு வட்டி வாங்கலாம் என்பதற்கு அச்சட்டங்களில் எதுவும் எல்லை கட்டவில்லை என்பது மட்டும் பேசப்படாமலே போகிறது.

2003ஆம் ஆண்டின் அதீத வட்டி வசூல் தடைச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்து, மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அது தெருமுனை வட்டிக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம். நுண்கடன் தருவோரில் பலரோ வங்கிசாரா நிதி நிறுவனங்கள். அதாவது, வங்கி உரிமம் இல்லாமல், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றுக் கடன் வழங்குபவர்கள். கடன் கொடுப்போரை நெறிப்படுத்தும் அதிகாரம் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், இத்தகைய நிறுவனங்களுக்குக் கேரளத்தின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் குஜராத்தின் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் பொருந்தா என்று 2022 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நுண்கடனுக்கென்றே ஆந்திரம் 2010இல் கொண்டுவந்த கடுமையான சட்டமும், 2023இல் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் இதே கதிக்கு உள்ளானது.

மாநிலத்தின் கை கட்டப்பட்டால் ரிசர்வ் வங்கியின் கையாவது நீள வேண்டும். நடந்தது அதற்கு நேர்மாறு. நிதி திரட்டும் செலவுக்கு மேல் நுண்கடன் நிறுவனங்கள் 10 அல்லது 12 சதவீதத்துக்கு மிகாமல் கூடுதலாக வட்டி வைக்கலாம் என்பது உள்ளிட்ட பழைய உச்சவரம்பை, மேற்கண்ட தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே, 2022 மார்ச் 14 அன்று ரிசர்வ் வங்கி தானே நீக்கிவிட்டது. வட்டி அநியாயமாக இருக்கக் கூடாது என்ற அறிவுரை எஞ்சியது. எத்தனை சதவீதம் அநியாயம் என்று சொல்லும் எண் எஞ்சவில்லை. 2024 அக்டோபரில் அளவுக்கு மீறிய வட்டிக்காக நான்கு நிறுவனங்கள் புதுக் கடன் வழங்கத் தடை விதிக்கப்பட்டபோது அந்த அறிவுரைக்கும் பல் உண்டு என்று தோன்றியது உண்மைதான். ஆனால் மூன்று மாதத்துக்குள் நான்கு தடைகளும் விலக்கிக்கொள்ளப்பட்டன.

ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத வருமானமுள்ள குடும்பத்துக்கு ஈடின்றித் தரப்படும் கடனே நுண்கடன் என்றும், எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும், காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு நெருக்கக் கூடாது என்றும் விதிகள் உள்ளன. வசூல்காரர் குழுத் தலைவியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, ஒருத்தி கட்டத் தவறியதை மற்றவர்கள் பங்கு போட்டு எடுத்து வைக்கும் வரை எழுந்திருக்க மறுத்தால், அந்த நேரத்தில் இவ்விதிகளைக் காட்டி அவரை எழுப்ப வருவது யார்? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்தின்படி முதலில் அந்த நிறுவனத்திடமே முறையிட்டு, பதில் வராவிட்டால் 30 நாள் பொறுத்திருந்து, அதன் பின்னரே சண்டிகரிலுள்ள ரிசர்வ் வங்கி மையத்துக்கு மனு அனுப்ப வேண்டும். அடுத்த வாரத் தவணைக்குப் பதில் சொல்ல வேண்டியவளுக்கு இது என்ன வழி?

வலுக்கட்டாய வசூலைத் தடுக்கப் பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றிய சட்டம் வரவேற்கத்தக்கதே. எனினும், மிரட்டலைக் குற்றமாக்குவது வேறு, மிரட்டி வாங்க வேண்டிய அளவுக்குத் தொகையைப் பெருக்கும் வட்டியைக் குறைப்பது வேறு. முன்னது மாநிலக் காவல் துறையின் எல்லைக்குள் வருவது. பின்னதைச் செய்ய ரிசர்வ் வங்கி வேண்டும், இல்லையேல் நாடாளுமன்றம் வேண்டும்.

ஆகவே, 2022இல் கைவிட்ட உச்சவரம்பை ரிசர்வ் வங்கி மீண்டும் எண்ணால் அறிவிக்க வேண்டும். அதற்கு மனமில்லையெனில், பதிவு பெற்ற நிறுவனங்களின் நுண்கடனுக்கும் மாநிலங்கள் வட்டி வரம்பு விதிக்க இடமளித்து ரிசர்வ் வங்கிச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்த வேண்டும். இக்கோரிக்கையைத் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பத் தமிழ்நாட்டுப் பேரவைக்கு எந்தத் தீர்ப்பும் தடையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தென்காசி.