மானுக்குத் தீவனம்: செலவு யார் தலையில்?

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்து ஜாக்சன் பள்ளத்தாக்கில் பனி இறுகிவிட்டால், எல்க் என்னும் பெரிய மான்கள் மலையை விட்டு இறங்கி மாட்டுக்காரர்களின் உலர்புல் போர்களில் வாய் வைக்கும். அவை பட்டினியால் கூட்டங்கூட்டமாக மடியவே, 1911-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் 20,000 டாலர் ஒதுக்கியது. அடுத்த ஆண்டே எல்க் காப்பகமும் அமைந்தது. காப்பகத்துக்கு வெளியே மாநில வனவிலங்குத் துறையும் குளிர்காலத்தில் புல் போட்டு வருகிறது. அத்துறையின் வருமானத்தில் பெரும்பகுதி வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணமே. இது நியாயந்தான். மான் வேண்டும் என்பவர்தானே அதன் தீவனத்துக்கும் பணம் தர வேண்டும்!

ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கூடும் எல்க்குகளிடையே கருச்சிதைவு நோய் பரவி, மாடுகளையும் தொற்றுகிறது. மான்களைக் கொல்லும் உருக்கி நோயும் 2018-ல் அவ்வட்டாரத்தில் தலைகாட்டிவிட்டது. சிறுவகை மான்களுக்கோ, காய்ந்த வயிற்றில் திடீரென உலர்புல் செரிக்காது. வயிறு நிறைந்தபடியே சாகும். தீவனத்தைப் படிப்படியாக மாற்றும் பால்மாட்டுக்காரர்களுக்கு இதன் காரணம் தெரியும்.

ஆகவே, உரிமப் பணம் முதலில் போர்களைச் சுற்றி உயரமான வேலிக்கும், அழிந்த புல்லுக்கு நஷ்டஈட்டுக்கும் போகட்டும். வயோமிங் சட்டத்தில் நஷ்டஈட்டுக்கு இடமுண்டு. தீவனம் போட்டே தீரவேண்டிய கடுங்குளிரில், மாட்டுப் பட்டிகளுக்கு வெகு தொலைவில் போடட்டும்.