ரெண்டு குட்டைத் துண்டு போதும்

"பி.காம் படிக்கிறவனுக்கு வில்லு எதுக்குடா?" என்று வகுப்பில் கேட்காத ஆளே இல்லை. கூடவே இலவச ஆலோசனை: "ஆன்லைன்ல வாங்கிட்டுப் போ." அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. முதல் வில்லை வாங்கக் கூடாது மக்களே, செய்ய வேண்டும். நல்ல நீளமான மரம் கிடைக்கவில்லை என்பதெல்லாம் சாக்கு.

வில் செய்வதைப் பற்றித் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் ஹிக்கரி மரத்தைப் புகழ்வார்கள். உறுதியான நார், லேசில் முறியாது. ஆனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் வில் நிமிராமல் வளைந்தபடியே நின்றுவிடும். சென்னைப் புழுக்கத்துக்கு இது தேவையா?

அவர்களிடம் கற்க வேண்டியது வேறு. ஆறடிக் கட்டை கிடைக்காவிட்டால் இரண்டு குட்டைக் கட்டைகளைக் கைப்பிடியில் இணைத்துவிடுவார்கள். வளைவது இரு பக்கக் கைகள்தான், கைப்பிடி அல்ல. அதனால் ஒட்டு அங்கே இருந்தால் பாதகமில்லை.

இதையே மூங்கிலில் செய்தேன். முழு மூங்கிலோடு முகப்பேர் பஸ்ஸில் ஏற எந்தக் கண்டக்டர் விடுவார்? மூன்றேகால் அடித் துண்டு ஒன்றை வாங்கி வந்து, பிளந்து இரண்டு பட்டை எடுத்தேன். ஒரே துண்டு என்பதால் இரண்டிலும் கணுக்கள் ஒரே இடத்தில் இருக்கும். தடித்த முனைகளை ஒரு ஜாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பசை பிடிக்க அந்த இடத்தை மட்டும் சுரண்டி ஒட்டி, ஒரு சின்ன மரக்கட்டையும் சேர்த்து நைலான் கயிற்றால் இறுகச் சுற்றினேன்.

முதல் வில் படீரென்று ஒடிந்தது. அழகாக இருக்கட்டும் என்று வெளித்தோலை முழுக்கச் சீவிவிட்டேன். மூங்கிலின் பலமே அந்த வெளிப்பக்க நாரில்தான். சீவ வேண்டியது உள்பக்கத்தை. இரண்டாவது வில்லில் தோலைத் தொடவில்லை. வளைய மறுத்த கையை மட்டும் கொஞ்சம் சீவி, இழுத்துப் பார்த்து, மறுபடி சீவி... இரண்டு வார லீவும் போச்சு. ஆனால் வில் நின்றது!

மூங்கில் வில் சும்மா விளையாட்டுச் சாமான் இல்லை. ராஜஸ்தான் பழங்குடி இளைஞர் லிம்பா ராம் மூங்கில் வில்லில் பழகித்தான் 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக்குக்குப் போனார். ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் தீபிகா குமாரியும் வீட்டில் செய்த மூங்கில் வில்லில்தான் தொடங்கினார். நம் நாட்டுப் போட்டிகளில் 'இந்தியன் ரவுண்டு' என்றே ஒரு பிரிவு உண்டு. மர, மூங்கில் வில்லோடு 30, 50 மீட்டர் தூரத்துக்கு எய்ய வேண்டும்.

ஒலிம்பிக் தரத்துக்குப் போனால் மூங்கில் போதாது, கருவியின் விலை லட்சங்களில் நிற்கும், உண்மைதான். உதவி வேண்டியது அந்தக் கட்டத்தில். ஆனால் தொடங்கவே லட்சம் வேண்டும் என்று நினைத்து எத்தனை பேர் தொடங்காமலே இருக்கிறோம்? நம் பள்ளிகளில் வில்வித்தையை மூங்கிலில் ஆரம்பித்தால் என்ன?

கடைசியாக ஒன்று: மொட்டை மாடியில் எய்யாதீர்கள். அம்பில்லாமல் நாணை இழுத்து விடவும் வேண்டாம், வில் உடையும். மூன்றாவது வில்லுக்குத் துண்டு வாங்கியாச்சு. யார் வர்றீங்க?